நாணல்பட்டில் பரிசல் இல்லை

எனக்குப் பாஸ்போர்ட் கிடையாது. ஆனாலும் ஒருமுறை வெளிநாடு போயிருக்கிறேன். அந்த நாட்டின் பெயர் உத்திரமேரூர்.

சிரிக்காதீர்கள். நாற்பத்தேழு வயதுவரை ‘ங்க’ போடாமல் ஒரு வாக்கியத்தையும் முடித்தறியாத கோயமுத்தூர்க்காரனை அந்தப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டுப் பாருங்கள். “ஏனுங்க, இங்க நல்ல ஓட்டல் எங்கீங்க இருக்குது?” என்று பூ விற்பவரிடம் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “எந்த ஊரு நைனா? தோ, அந்த முக்குல கீது பாரு. சுருக்கா போ, வடகறி தீந்துடும்.” என்னைவிட இருபது வயது சின்னவர். ஊரில் யாராவது என்னை இப்படிக் கூப்பிட்டிருந்தால் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன். இங்கே அது மரியாதை என்று புரிய அரை நாள் ஆனது. இனி இந்தக் கட்டுரையில் அவர்கள் பேசியதை அப்படியே தருகிறேன். கொங்கு வாசகர்கள் வாக்கியத்துக்கு நாலு ‘ங்க’ சேர்த்துப் படித்துக்கொள்ளவும்.

வடகறி தீர்ந்திருக்கவில்லை. நாலு இட்லி, இரண்டு பூரி, ஒரு தோசை. நான் இயல்பில் இவ்வளவு சாப்பிடுகிறவன் இல்லை. ஆனால் பயம் வந்தால் எனக்குப் பசிக்கும். அன்று நான் பயங்கரமாகப் பயந்து போயிருந்தேன்.

காரணம் சொல்கிறேன். நான் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் கையேடு எழுதுகிறவன். ‘மோட்டாரைத் தண்ணீரில் இறக்கும் முன் கையைத் தண்ணீரிலிருந்து எடுக்கவும்’ போன்ற இலக்கியங்கள் என்னுடையவை. இதில் அடங்காத எழுத்து வெறியை, இணையத்தில் எல்லோரும் சேர்ந்து எழுதும் ஒரு கலைக்களஞ்சியத்தில் தீர்த்துக்கொண்டிருந்தேன். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் எழுதியதையும் யாரும் திருத்தலாம் என்பது அதன் அழகு. யார் வேண்டுமானாலும் எழுதுகிறார்கள் என்பது அதன் ஆபத்து. அந்த ‘யார் வேண்டுமானாலும்’ நான்தான். அங்கே என் புனைபெயர் கொங்குச்சிங்கம். பொறுமையாக வருடக்கணக்கில் எழுதியதால் என்னை நிர்வாகி ஆக்கியிருந்தார்கள். அதாவது, விஷமம் பண்ணுகிறவர்களைப் பூட்டி வைக்கும் சாவி என்னிடம் இருந்தது.

என் சிறப்புத் துறை, நான் பார்த்திராத ஊர்களைப் பற்றி எழுதுவது. ஒரு ஊருக்குக் கட்டுரை எழுதிவிட்டு, அதையே அச்சாக வைத்துப் பெயர், மாவட்டம், எல்லைகளை மாற்றினால் அடுத்த ஊர் தயார். சாயங்காலம் ஆபீஸ் முடிந்து இப்படி ஐந்நூறு ஊர்களைப் படைத்திருக்கிறேன். பிரம்மாவுக்குக்கூட இந்த வேகம் கிடையாது. பவானிக் கரையில் இருக்கும் ஒரு கிராமத்தை அச்சாக வைத்து, பெருநகர் என்ற ஊருக்கு எதிரே செய்யாற்றின் அக்கரையில் உள்ள நாணல்பட்டு என்ற ஊரைச் செய்தபோது, ஒரு வரியை மாற்ற மறந்துவிட்டேன். ‘ஊர் மக்கள் பரிசலில் ஆற்றைக் கடக்கின்றனர்.’

அந்த வரி இரண்டு வருடம் அங்கே மிதந்துகொண்டிருந்தது. ஊரைத் தெரிந்தவர்கள் கட்டுரையைப் படிப்பதில்லை. கட்டுரையைப் படிப்பவர்களுக்கு ஊர் தெரியாது. பிறகு எப்படிக் கரை ஒதுங்கும்?

திடீரென்று ‘மேரூரான்’ என்ற பெயரில் ஒருவர் வந்து அந்த வரியை அழித்தார். காரணம் எழுதவில்லை. நான் திரும்பப் போட்டேன். அவர் அழித்தார். நான் போட்டேன். ஆறாவது முறை அவரை ‘விஷமி’ என்று பூட்டிவிட்டு, கடமையைச் செய்த நிம்மதியில் தூங்கப் போனேன். பூட்டப்பட்டவர்கள் தங்கள் சொந்தப் பேச்சுப் பக்கத்தில் மட்டும் புலம்பலாம். இரண்டு வாரம் கழித்துத்தான் அவருடைய புலம்பலைப் படித்தேன்.

‘சிங்கம் சார், அந்த ஊர்ல பரிசல் கெடையாது. வினாடி வினால ஆத்த எப்டி கடப்பாங்கன்னு கேட்டாங்க. தெனம் அந்த ஆத்த கடக்குற இட்லிக்கடை தனலட்சுமி, நடந்துன்னு சொல்லிச்சு. தப்புன்னுட்டாங்க. கேட்டா நெட்ல பரிசல்னு கீதாம். முதல் பரிசு கிரைண்டர். ஒரு மார்க்குல போச்சு. ஆகஸ்ட் 15 சாயங்காலம் பரிசு குடுக்கறாங்க. அதுக்குள்ள நெட்ல மாறினா பாக்கலாம்னு செக்ரட்டரி சொல்லிக்கீறாரு. நீ பூட்டி வெச்சிக்கினு கீற.’

என் வயிறு உறுமியது. சமையலறைக்குப் போய்ச் சட்டியிலிருந்த அரிசிம்பருப்புச் சாதத்தைக் காலி செய்தேன். பிறகு அந்த வரியை நானே அழித்தேன். ஐந்து நிமிடத்தில் அது திரும்பி வந்துவிட்டது! கனடாவில் இருந்த ‘பனிக்கரடி’ என்ற பயனர் திரும்பப் போட்டிருந்தார். ‘சான்று உள்ளது’ என்று குறிப்பு வேறு. சொடுக்கிப் பார்த்தேன். ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ‘சலசலக்கும் செய்யாற்றில் ஒரு பரிசல் பயணம்’ என்று அரைப் பக்கம். என் கட்டுரையிலிருந்து வார்த்தைக்கு வார்த்தை எடுத்து, சலசலப்பை மட்டும் சொந்தமாகச் சேர்த்திருந்தார்கள். என் பொய்யைப் பார்த்து அவர்கள் எழுத, அதையே என் பொய்க்குச் சாட்சியாக நிறுத்தியிருந்தார் பனிக்கரடி. நிர்வாகியானாலும் சான்றுள்ள வரியைச் சும்மா அழிக்கக்கூடாது என்பது விதி. அந்த விதியைத் தமிழில் எழுதி வைத்தவன் நான்.

“கோயமுத்தூர்ல தடுக்கி உழுந்தா கிரைண்டர் கடை. ஒண்ணு வாங்கிப் பார்சல் போட்டுட்டுப் படுங்க” என்றாள் என் மனைவி. நல்ல யோசனைதான். ஆனால் தூக்கம் வரவில்லை. ‘மேரூரான்’ என்ற பெயரை நம்பி, பதிமூன்றாம் தேதி காலையில் உத்திரமேரூரில் பூரி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

சாப்பிட்ட கையோடு மேரூரானைப் பார்க்கப் போயிருக்க வேண்டும். பதிலாகக் கல்வெட்டைப் பார்க்கப் போனேன். தைரியசாலிகள் தள்ளிப்போடுவதில்லை, நான் தள்ளிப்போட்டேன். குடவோலை முறையில் யார் யார் தேர்தலுக்கு நிற்கலாம், யார் கூடாது என்று சோழர் காலத்தில் சுவர் நிறையக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். முப்பத்தைந்து வயதுக்கு மேல், எழுபதுக்குள் என்ற தகுதியைத் தவிர மற்ற எதிலும் நான் தேற மாட்டேன் என்று தெரிந்தது. அங்கே நின்று இன்னொன்றும் யோசித்தேன். இந்தக் கல் கலைக்களஞ்சியத்தில் ‘திருத்து’ பொத்தான் இல்லை. அதனால்தானோ என்னவோ, உளியை எடுக்கும் முன் பேசித் தீர்த்துவிட்டு வெட்டியிருக்கிறார்கள்.

மேரூரானைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. கடைத்தெருவில் இருந்தது ஒரே பிரவுசிங் சென்டர். முன்பக்கம் வளையல், ரிப்பன், சோப்பு டப்பா. பின்பக்கம் நாலு கம்ப்யூட்டர். கல்லாவில் ரஷீத் பாய். என் வயதுதான். தாடியில் லேசாக மருதாணிச் சிவப்பு.

“இன்னா சார் வோணும்? அரை அவரா, ஒன் அவரா?”

“அந்தக் கலைக்களஞ்சியம் பார்க்கோணுங்க.”

அவ்வளவுதான். பாய் எழுந்து நின்றுவிட்டார். “அத்த பத்தி பேசாத சார்! எவனோ கொங்குச்சிங்கமாம். என் கடையையே பூட்டிட்டான். நாலு சிஸ்டத்துலயும் ஒரு எழுத்து மாத்த முடியல. ஸ்கூல் பசங்க கேக்குதுங்கோ, பாய் இன்னா தப்பு பண்ணீங்கோன்னு. அவன் மட்டும் என் கைல கெடைக்கட்டும்...”

“கெடைச்சா என்னங்க பண்ணுவீங்க?” என்று கேட்டேன். பொது அறிவுக்காகத்தான்.

“நாணல்பட்டுக்கு இட்டுக்கினு போவேன். ஆத்து நடுவுல நிக்க வெச்சி, எங்கடா பரிசலு, காட்டுன்னு கேப்பேன். காட்டினாதான் வுடுவேன்.”

நான் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டேன். பெயர் மணி, கோயமுத்தூர், கலைக்களஞ்சியத்தில் அவ்வப்போது எழுதுகிறவன், இந்த அநியாயத்தைக் கேள்விப்பட்டு உதவ வந்தவன். எல்லாம் உண்மை. ஒரே ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன், அவ்வளவுதான். பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். “நல்லவங்களும் கீறாங்கப்பா” என்று மதியம் தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய், அவர் மனைவி வைத்த மட்டன் குழம்பைத் தட்டு நிறைய ஊற்றினார். குற்ற உணர்ச்சியில் மூன்று முறை சோறு வாங்கினேன். “கூச்சப்படாம சாப்புடறாரு பாரு” என்று பாராட்டு வேறு.

மறுநாள் விடிந்ததும் பெருநகருக்குப் பஸ் ஏறினோம். எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் பாட்டுச் சத்தத்தில் காது போகும். இங்கே எல்லோரும் எல்லோரிடமும் பேசுவதில் போகிறது. மானாம்பதியில் ஒருவர் ஆட்டுக்குட்டியோடு ஏறினார். கண்டக்டர் குட்டிக்கு அரை டிக்கெட்டா, லக்கேஜா என்று கேட்க, பஸ்ஸே இரண்டு கட்சியாகி விவாதித்தது. குட்டி இதற்குள் என் பையில் இருந்த நாணல்பட்டுக் கட்டுரையின் அச்சுப்படியைப் பாதி தின்றுவிட்டது. எதைத் தின்றதென்று பார்த்தேன். மக்கள்தொகை, எல்லைகள், பின்கோடு எல்லாம் போயிருந்தது. பரிசலை விட்டு வைத்திருந்தது.

பெருநகர் பஸ் நிறுத்தத்தில் இட்லிக் குண்டானுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார் தனலட்சுமி. நாற்பது வயதிருக்கும். நடவுக்குப் போகும் பெண்களும் செங்கல் சூளைக்குப் போகும் ஆண்களும் சுற்றி நின்று தின்றுகொண்டிருந்தார்கள். பாய் என்னை, “நெட்டுக்காரரு, நமக்கோசரம் கோயமுத்தூர்லேர்ந்து வந்துக்கீறாரு” என்று அறிமுகம் செய்தார்.

“வணக்கமுங்க அம்மணி” என்றேன்.

“இன்னா சொன்ன சார்? அம்மணியா? இன்னொரு தபா சொல்லு.” சொன்னேன். சுற்றி இருந்தவர்களைப் பார்த்து, “கேட்டுக்கோங்கடா. இனிமே இட்லி வோணும்னா இப்டி கேக்கணும்” என்று இலையில் நாலு இட்லி வைத்தார். பஞ்சு. காரச் சட்னி நாக்கைக் கூர் பார்த்தது. பதட்டத்தில் ஒன்பது போனது.

குண்டான் காலியானதும் மூவரும் ஆற்றுக்கு நடந்தோம். இறங்கியதும் எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை. ஆறு முழுக்க மணல். நடுவே ஒரு முழ அகலத்துக்குத் தண்ணீர். பரிசல் விட வேண்டுமென்றால் தட்டில்தான் விட வேண்டும். தனலட்சுமி காலிக் குண்டானைத் தலையில் வைத்துக்கொண்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் அதைத் தாண்டினார்.

“அம்மாம் பெரிய கூட்டத்துல மேடையில நிக்க வெச்சி கேட்டாங்க சார். ‘நாணல்பட்டு மக்கள் ஆற்றை எவ்வாறு கடக்கின்றனர்?’ எனுக்கு சிரிப்பு வந்துச்சு. இத்தக்கூடவா கேப்பாங்க? நடந்துன்னேன். மணி அட்ச்சி ‘தவறு’ன்னாரு செக்ரட்டரி. பக்கத்துல நின்ன இன்சூரன்சு ஏஜெண்ட்டு ‘பரிசல்’னாரு. கை தட்டறாங்க! அவரு இந்த ஆத்தயே பாத்தது கெடையாது.”

அக்கரையில் அவர் வீட்டு வாசலில் ஆட்டுக்கல் இருந்தது. தினமும் மத்தியானம் இரண்டரை மணி நேரம் அதில் ஆட்டுகிறார். வலது தோளைத் தொட்டுக் காட்டினார். தூக்க முடியாத நாள்களில் இடது கையால் ஆட்டுவாராம். அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. “அம்மணி, நானே ஒரு கிரைண்டர் அனுப்பி வெச்சர்றனுங்க. எங்க ஊர்ல...”

“எதுக்கு?” என்றார். கோபம் இல்லை, ஆனால் சிரிப்பும் நின்றிருந்தது. “கிரைண்டரு வோணும்தான். அத்தவிட, அதே மைக்குல ‘தனலட்சுமி சொன்னது ரைட்டு’ன்னு சொல்லணும். நான் நடக்குற ஆத்துல நான் எப்டி போறேன்னு எனுக்குத் தெரியாதுன்னுட்டாங்களே சார். எம்பொண்ணு கூட்டத்துல உக்காந்துக்கினு இருந்துச்சு.”

நான் கேமராவை எடுத்தேன். வேறென்ன செய்ய? இல்லாத ஒன்றைப் படம் எடுப்பது எப்படி என்று யாராவது கையேடு எழுதியிருக்கிறார்களா? மேற்கே பார்த்து ஒரு படம்: மணல். கிழக்கே பார்த்து ஒரு படம்: மணல், ஒரு எருமை. பாயை நடுவில் நிறுத்தி ஒரு படம். கைகளை விரித்து ‘எங்கே பரிசல்?’ என்கிற பாவனையில் அவரே நின்றார். அவர் அப்படி நிற்பதைப் படமெடுக்க நான் என்ன பாடுபட்டேன் என்கிறீர்கள்! அங்கே என்னை அல்லவா நிறுத்துவதாக இருந்தார்.

மதியம் கடைக்குத் திரும்பி, பாயின் முதுகுக்குப் பின்னால் என் கணக்கில் நுழைந்து படங்களை ஏற்றினேன். நிர்வாகிக்குப் பூட்டு தடையில்லை; திறந்தால் மாட்டிக்கொள்வேன் என்று அதைத் தொடவில்லை. பனிக்கரடி அங்கே நடு ராத்திரி என்றும் பாராமல் பதில் போட்டார்: ‘படம் எடுத்த சமயத்தில் பரிசல் வேறு பக்கம் போயிருக்கலாம். அச்சிட்ட அல்லது அதிகாரபூர்வமான ஆவணம் தேவை.’ எரிச்சலாக வந்தது. ஆனால் நியாயம்தான். போன மாதம் மேரூரானிடம் நானும் இதே தொனியில்தான் பேசியிருந்தேன்.

சாயங்காலம் மாவாட்டிவிட்டுத் தனலட்சுமியும் உத்திரமேரூர் வந்து சேர, வினாடி வினா நடத்திய மன்றத்தின் செக்ரட்டரியைப் பார்க்க அவருடைய உரக்கடைக்கு மூவரும் போனோம். பெயர் மாசிலாமணி. யூரியா மூட்டைகளுக்கு நடுவே, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், சிவப்பு ரிப்பன் கட்டி, அந்த கிரைண்டர் அம்மன் மாதிரி உட்கார்ந்திருந்தது.

“எனுக்குத் தனலட்சுமி மேல கோவமா சார்? அதுங்கையில தெனம் இட்லி வாங்கித் துன்றவன் நானு. ஆனா ரூல்னா ரூலு” என்றார். “மனுசங்கள வெச்சி கேள்வி எடுத்தா, ஒருத்தன் ஒண்ணு சொல்றான், இன்னொருத்தன் ஒண்ணு சொல்றான். பேஜாரு. அதான் மனுசங்களே வோணாம், கம்ப்யூட்டர்ல இன்னா கீதோ அதான் பதிலுன்னு போன வருசமே முடிவு பண்ணோம். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது.”

கம்ப்யூட்டர் அவர் எதிரில் உட்கார்ந்து அவர் வாங்கிக் கொடுத்த மசால்வடையைத் தின்றுகொண்டிருந்தது.

“நாளிக்கு அஞ்சு மணிக்கு விழா. அதுக்குள்ள நெட்ல மாறினா, மைக்குல நானே மாத்திச் சொல்றேன். மாறலன்னா ஏஜெண்ட்டு எடுத்துக்கினு பூடுவாரு. அவரு வூட்ல ஏற்கெனவே ரெண்டு கீது, பாவம்.”

வெளியே வந்து மூவரும் நின்றோம். அதிகாரபூர்வ ஆவணம். ஒரு ஊரில் பரிசல் இல்லை என்று எந்த அரசாங்கம் ஆவணம் வெளியிடும்? வழி சொன்னது தனலட்சுமிதான்.

“நாளிக்கு காலீல கொடி ஏத்திட்டு கிராம சபை கீதே. ஊரே உக்காரும். ஆபீசரும் வருவாரு. அங்க தீர்மானம் போட்டா சீல் வெப்பாங்க இல்ல?”

ஆகஸ்ட் பதினைந்து. நாணல்பட்டுப் பள்ளிக்கூட வாசலில் ஷாமியானா. கொடியேற்றம், ஆரஞ்சு மிட்டாய். பிறகு ஊராட்சித் தலைவர் நடுவில் உட்கார, ஒருபக்கம் ஒன்றியத்திலிருந்து வந்த அதிகாரி, மறுபக்கம் தீர்மானப் புத்தகத்தோடு கிளார்க். தெருவிளக்கு, குடிநீர்த் தொட்டி எல்லாம் முடிந்ததும் தனலட்சுமி எழுந்தார். விஷயத்தைச் சொன்னார். அதிகாரி பேனாவை மூடினார்.

“ஏம்மா, இருக்கறதுக்கே தீர்மானம் போட நேரம் இல்ல. இல்லாததுக்கெல்லாம் போட முடியுமா? அஜெண்டாவுல வேற இல்ல.”

“கடசீல ‘இதர’ன்னு கீது சார்” என்றார் தலைவர் சாந்தமாக. “பரிசலு இதரதானே?”

“அப்போ நம்மூர்ல ஏர்போர்ட்டும் இல்ல, அத்தயும் எழுதிக்கோ!” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். கிளார்க் உண்மையிலேயே எழுதப் போய்விட்டார். சிரிப்பு அடங்கியதும் ஒரு பெரியவர் எழுந்தார்.

“பரிசல் இல்லன்னு எப்டி சொல்ற? அந்த வெள்ளத்துல எங்க மாமன் கல்யாண அண்டாவுல உக்காந்துக்கினு இக்கரைக்கி வந்தாரே. அது இன்னா?”

“அது அண்டா பெரிப்பா. பரிசல் இல்ல.”

“மெதந்துச்சா இல்லியா?”

“மெதந்தத எவன் பாத்தான்? உன் மாமன் சொன்னது. உன் மாமன் சொன்னதெல்லாம் கணக்குல எடுத்துக்கினா இந்த ஊர்ல புலியும் கீது.”

எனக்கு உடம்பு சிலிர்த்தது. இதற்குத்தானே நாங்கள் ‘சான்று தேவை’ என்று சின்ன எழுத்தில் போடுவோம்! ஒருவர் சேர்க்கிறார், ஒருவர் வெட்டுகிறார், ஒருத்தி திருத்துகிறாள். ‘மழைக்காலத்துல ரெண்டு நாளு கடக்கவே முடியாது, அத்தயும் போடு’ என்கிறாள். இன்னொருத்தி, ‘போட்டதே போட்ட, பாலம் வோணும்னு சேத்துப் போடு’ என்கிறாள். என் கலைக்களஞ்சியத்தின் பேச்சுப் பக்கமே கோரைப்பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. ஒரே வித்தியாசம், இங்கே எல்லோருக்கும் முகம் இருந்தது. பேசிய அத்தனை பேரும் அந்த ஆற்றில் கால் நனைத்தவர்கள்.

கடைசியில் அதிகாரியே இறங்கி வந்தார். “சரி, போடுங்க. ஆனா தவறான தகவல்னு எழுதணும்னா, தகவல் கொடுத்தது யாருன்னு பேர் வேணும். இல்லன்னா மேல கேப்பாங்க.”

பாய் துள்ளி எழுந்தார். “எழுதிக்கோங்க. கொங்குச்சிங்கம்.”

கிளார்க் எழுதினார். “கொங்கு... சிங்கம். சரி. தகப்பனார் பேரு?”

பாய் விழித்தார். ஊர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். “பேர் முழுசா இல்லன்னா அடுத்த சபையில பாத்துக்கலாம்.” அடுத்த சபை அக்டோபரில். கிரைண்டர் அன்று ஐந்து மணிக்கு.

தனலட்சுமியைப் பார்த்தேன். அவர் உட்காரப் போனார். வலது தோளை இடது கை பிடித்திருந்தது.

ஓடினால் ஆறு வரை எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டேன். மணலில் என்னால் ஓட முடியாது. எழுந்து நின்றேன்.

“வேலுச்சாமிங்க” என்றேன்.

“யாரு?”

“தகப்பனார் பேருங்க. கொங்குச்சிங்கத்தோட தகப்பனார். நான்தானுங்க அது.”

ரஷீத் பாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தாடி துடித்தது. “நீயா? எங்க வூட்ல மூணு தபா சோறு வாங்கித் துன்னியே, அது நீயா?”

“நானேதானுங்க. வேற ஊரோட கட்டுரையை அப்படியே எடுத்துப் போட்டு, ஒரு வரியை மாத்த மறந்துட்டனுங்க. நீங்க திருத்துனதையும் படிக்காமப் பூட்டிட்டனுங்க. தப்பு என்னுதுதான். மன்னிச்சுக்கோங்க. அடிக்கறதுன்னா கண்ணாடியக் கழட்டிக்கறனுங்க.”

உண்மையாகவே கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். அதனால் முதலில் சிரித்தது யார் என்று சரியாகத் தெரியவில்லை. குரல் தனலட்சுமியுடையது. “மொதல்லயே சொல்லிட்டு துன்னுருக்கலாமில்ல சார்? ஒம்போது இட்லியும் பயந்துக்கினேவா துன்ன? ருசியே தெரிஞ்சிருக்காதே!”

ஊர் சிரித்தது. பாய் சிரிக்கவில்லை. நேராக என்னிடம் வந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணாடியை என் கையிலிருந்து வாங்கி, தன் சட்டையில் துடைத்து, என் மூக்கில் மாட்டினார். “மொதல்ல என் கடையத் தொற” என்றார்.

தீர்மானம் இப்படி முடிந்தது: ‘இவ்வூரில் பரிசல் இல்லை. மக்கள் நடந்தே ஆற்றைக் கடக்கின்றனர். பரிசல் உண்டு என எழுதிய கோவை திரு. வே. மணி நேரில் வந்து, நடந்து கடந்து, இல்லை என ஒப்புக்கொண்டார். பாலம் தேவை.’ அண்டா தள்ளுபடி ஆனது. பெரியவர் எதிர்ப்பைப் பதிவு செய்யச் சொன்னார், அதையும் பதிந்தார்கள். பிறகு கையெழுத்து, கைரேகை என்று பக்கம் பக்கமாக நீண்டது. சீல் விழுந்தபோது மணி இரண்டு.

நகலோடு ஓடினோம். ஷேர் ஆட்டோவில் பாதி உடம்பு வெளியே தொங்க உத்திரமேரூர் வந்து சேர்ந்தால், கரண்ட் கட்! மூன்றிலிருந்து நாலரை வரை கட்டாகும் வாரம் அது. பாயிடம் ஒரு யூ.பி.எஸ். இருந்தது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், இருபது நிமிடம். முதல் வேலையாகப் பூட்டைத் திறந்தேன். “நீங்களே அழிச்சுருங்க பாய்” என்று நாற்காலியை அவருக்கு விட்டேன். ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி வரியை அழித்து, ‘நடந்து கடக்கின்றனர்’ என்று எழுதி, தீர்மானத்தைச் சான்றாகச் சேர்த்தார். யூ.பி.எஸ். கூவ ஆரம்பித்தது. பனிக்கரடி பார்க்க வேண்டும். அவர் திரும்பப் போட்டுவிட்டால் எல்லாம் வீண்.

கூவலுக்கு நடுவே பதில் வந்தது. ‘ஒரு வரிக்கு ஊரே கையெழுத்திட்ட சான்றை இப்போதுதான் பார்க்கிறேன். ஏற்கிறேன். நாளிதழ்ச் சான்றை நானே நீக்கிவிட்டேன். பாலம் வந்ததும் தெரிவிக்கவும்.’ பக்கத்தை அச்சடித்து முடிக்கவும் திரை இருண்டது.

அந்த நாளிதழ் தன் அரைப் பக்கத்தைத் திருத்தியதாக இன்றுவரை தெரியவில்லை. எங்கள் கலைக்களஞ்சியத்தை நம்பலாமா என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நம்பாதீர்கள், உங்கள் ஊர்ப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். தப்பு இருந்தால் திருத்துங்கள். என் பெயரைக் கண்டால் இரண்டு முறை பாருங்கள்.

ஐந்து மணிக்கு உத்திரமேரூர் விழா மேடையில் மாசிலாமணி மைக்கைப் பிடித்தார். அச்சுத் தாளை மேலும் கீழும் படித்தார். தொண்டையைச் செருமினார். “தனலட்சுமி சொன்னதுதான் ரைட்டு” என்றார். பிறகு என்ன தோன்றியதோ, இன்னொரு முறையும் சொன்னார். முதல் வரிசையில் ஒரு பெண் பிள்ளை எழுந்து நின்று கை தட்டியது. அது அம்மா ஜாடை. இன்சூரன்ஸ் ஏஜெண்ட் கிரைண்டரை மேடையிலிருந்து இறக்க ஒரு கை பிடித்தார். “நல்லதாப் போச்சுக்கா. மூணாவது கிரைண்டர வூட்டுக்கு எடுத்துக்கினு போனா என்னைத்தான் ஆட்டி எடுப்பாங்க” என்றார்.

பெருநகரில் ஆட்டோ எங்களை இறக்கிவிட்டபோது வானம் கறுத்திருந்தது. மேற்கே எங்கேயோ நல்ல மழை. காலையில் ஒரு முழமாக இருந்த தண்ணீர் ஆற்றில் பாதி அகலத்துக்கு விரிந்து, முழங்கால் ஆழத்தில் சுறுசுறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. கிரைண்டரை நான்தான் சுமப்பேன் என்று அடம்பிடித்தேன். எங்கள் ஊர்ச் சரக்கு, எனக்குத் தெரியாத கனமா? தோளில் ஏற்றிய பிறகுதான் கல்லோடு சேர்த்துச் செய்கிறார்கள் என்பது நினைவுக்கு வந்தது. பாய் ஒருபக்கம் பிடித்துக்கொள்ள வந்தார். “இல்ல, சிங்கமே தூக்கட்டும்” என்று தனலட்சுமி தடுத்துவிட்டார்.

புடவையை முழங்காலுக்குச் செருகிக்கொண்டு அவர் முன்னே நடந்தார். அவருடைய பத்து அடிக்கு நான் ஒரு அடி வைத்தேன். காலுக்குக் கீழே மணல் கரைந்து கரைந்து ஓடியது. அக்கரையில் ஊர் கூடி நின்று கத்தியது. ‘விழப்போறாரு’ என்கிறார்களா, ‘வாழ்க’ என்கிறார்களா என்று பிரித்தறிய முடியவில்லை. நடு ஆற்றில் நின்றுவிட்டேன்.

தனலட்சுமி திரும்பிப் பார்த்தார். “இன்னா சார், நின்னுட்ட?”

“ஒண்ணுமில்லீங்க அம்மணி. இந்த எடத்துல ஒரு பரிசல் இருந்தா எத்தன நல்லா இருக்குமுன்னு...”

ஆறு முழுக்கக் கேட்கும்படி சிரித்தார். “அத்த மட்டும் எழுதிடாத சார்!”